கண்ணாடிக் குழலில் கட்டிய தமனி

எலியின் குடலைத் தாங்கும் சவ்வில் ஓடும் சிறு தமனியின் விட்டம் கால் மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதன் இரு முனைகளையும் நுண்ணிய கண்ணாடிக் குழல்களில் ஏற்றி, நைலான் இழையால் கட்டி, 37 டிகிரி வெப்பமுள்ள உப்புக் கரைசலில் அமிழ்த்தி, உள்ளே அழுத்தம் கொடுத்தால் அது பல மணி நேரம் உயிரோடு இருக்கும். நுண்ணோக்கியில் பொருத்திய கேமரா அதன் விட்டத்தை விடாமல் அளந்துகொண்டிருக்கும். இதயமோ ரத்தமோ இல்லாத இந்தத் துண்டு உடலைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்று கேட்பது நியாயம்தான். அவை இல்லாததால்தான் அதனால் சொல்ல முடிகிறது என்பது என் கட்சி. ஆனால், அதை எப்படிப் பிடித்துவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

அழுத்தம் கூடினால் ரத்தக் குழாய் தானாகவே சுருங்கி எதிர்க்கிறது என்று 1902இல் உடலியலாளர் வில்லியம் பேலிஸ் எழுதினார். நரம்பைத் துண்டித்த பிறகும் அப்படி நடந்ததாக அவர் காட்டியும் சந்தேகம் ஓயவில்லை. ரத்த ஓட்டம் மாறினால் சுற்றியுள்ள திசுக்களின் வேதிப்பொருள்களும் மாறுமே, குழாய் அவற்றுக்குக் கட்டுப்பட்டிருக்கலாமே என்றார்கள். உடலுக்குள் இந்த வழக்கைத் தீர்ப்பது கடினம். சுற்றுத் திசுவை நீக்கிய தமனியில் அழுத்தத்தை ஏற்றியபோதும் அது சுருங்கியது. அது குழாய்ச் சுவரின் சொந்தக் குணம் என்பது தெளிவானது. சின்ன விஷயமல்ல இது: ஆரம் பத்து சதவீதம் குறைந்தாலே, அதே அழுத்தத்தில் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

பிடித்துவைக்கும் முறை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ராபர்ட் ஃபர்ச்காட்டின் கதையே சாட்சி. நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் உயிருள்ள உடலில் குழாய்களை விரிக்கும். அவருடைய ஆய்வகத்திலோ முயலின் பெருந்தமனிப் பட்டையைச் சுருக்கியது. இந்த முரண் பல்லாண்டு நீடித்தது. தமனியைச் சுருளாக வெட்டிப் பட்டையாக்கும்போது, உட்புறத்தில் ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள் உரசலில் உதிர்ந்துபோயிருந்தன. தமனியை வளையமாகவே வைத்து, உட்புறம் கெடாமல் சோதித்தபோது அது விரிந்தது. 1980இல் சக ஆய்வாளர் சவாட்ஸ்கியுடன் இணைந்து அதை அவர் வெளியிட்டார். அந்தச் செல்கள் சுரக்கும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்று பின்னர் தெரியவந்தது. 1998இல் நோபல் பரிசும் வந்தது. ஆய்வகம் பொய் சொன்னது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. உட்சுவர் இல்லாத தமனி எப்படி நடக்குமோ அப்படித்தான் அந்தப் பட்டை நடந்தது. பொய்யில்லை, கேள்விதான் வேறாகிவிட்டது.

அழுத்தத்தோடு ஓட்டத்தையும் சேர்க்கும் கருவிகளின் நுட்பம் இங்கேதான் புரியும். ஓட்டத்தைக் கூட்டினால் அழுத்தமும் கூடிவிடும். விளைவு எதனுடையது என்று எப்படிப் பிரிப்பது? ஒரு முனையில் அழுத்தத்தை ஏற்றி, மறுமுனையில் அதே அளவு இறக்குகிறார்கள். நடுவில் அழுத்தம் மாறாது, ஓட்டம் மட்டும் பிறக்கும். குழாய் விரிகிறது. அடுத்து, உள்ளே ஒரு காற்றுக்குமிழியைச் செலுத்தி எண்டோதீலியத்தை அழித்துவிட்டுத் திரும்பச் செய்தால் அந்த விரிவு காணாமல் போகிறது. ஓடும் நீர்மத்தின் உராய்வை உணர்வது எது என்று உடலுக்குள் இவ்வளவு துல்லியமாகக் காட்டிவிட முடியாது.

குறைகள் இல்லாமலில்லை. உப்புக் கரைசல் ரத்தத்தைவிட நீர்த்தது. அதே வேகத்தில் ஓடினாலும் சுவரில் உராய்வு குறைவு. கரைசலில் செலுத்தும் வாயுவில் பெரும்பாலும் 95 சதவீதம் ஆக்சிஜன்; எந்தத் தமனியும் உடலில் அதைச் சந்திப்பதில்லை. முதலாவதைப் பிசுபிசுப்பான கரைசலால் சரிக்கட்டலாம். இரண்டாவதை வழக்கம் என்று சொல்லி ஏற்பது எனக்கு உடன்பாடில்லை. எலியின் தமனி மனிதத் தமனி ஆகுமா என்பது இவற்றைவிடக் கனமான ஆட்சேபம். அதற்கு விடை, மனிதர்களிடமிருந்தே சிறு தமனிகளை எடுப்பது. உயர் ரத்த அழுத்த நோயாளிகளின் பிட்டத்துத் தோலடியிலிருந்து, சிகிச்சைக்கு முன்னும் ஓராண்டு கழித்தும் தமனி எடுத்து, மெல்லிய கம்பிகளில் பூட்டி அளந்த ஆய்வு 1995இல் வெளியானது. பெரிண்டோபிரில், அட்டெனோலால் ஆகிய இரண்டு மருந்துகளுமே ரத்த அழுத்தத்தைக் குறைத்தன. குறுகித் தடித்திருந்த தமனிச் சுவர் சீரடைந்தது பெரிண்டோபிரில் எடுத்தவர்களிடம் மட்டும்தான். கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்க்கும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை.