நமது தோட்டத்து வாழைக்கு வந்த வாடல் நோய்



நமது டிரஸ்ட் தோட்டத்தில் ரஸ்தாலி வாழைகள் சில, குலை தள்ளும் முன்பே வாடிச் சாய்ந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். "தண்ணீர் பாய்ச்சவில்லையா? உரம் வைக்கவில்லையா?" என்று ஜும்ஆ முடிந்து பலர் கேட்டார்கள். இரண்டும் காரணமல்ல. இது வாடல் நோய். ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு நாம் தரும் உதவியில் ஒரு பகுதி இந்தத் தோட்டத்து வருமானத்திலிருந்து போகிறது. ஆகவே வரவு செலவைக் கேட்பது போல இதையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எங்கள் தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

நோய் எது?

ஃபுசேரியம் என்ற பூஞ்சணம் மண்ணில் வாழ்கிறது. அது வேர் வழியாகக் கிழங்குக்குள் நுழைந்து, தண்ணீர் மேலே ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தில் சாகிறது. முதலில் அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகும். பிறகு காம்பு ஒடிந்து, இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். தண்டின் அடிப்பாகம் நீளவாக்கில் வெடிக்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பாக இருக்கும். வெறும் தண்ணீர்க் குறையால் வாடிய மரத்தில் இந்த நிறம் இருக்காது.

நோய் கண்ட மரத்தைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. மரம் செத்த பிறகும் பூஞ்சணத்தின் வித்துகள் பல பத்தாண்டுகள் மண்ணிலேயே உறங்கிக் கிடக்கும். கன்று, மண்வெட்டி, காலில் ஒட்டிய மண், வாய்க்கால் தண்ணீர் ஆகியவை வழியாக அது அடுத்த இடத்துக்குப் போகும். பழத்தைச் சாப்பிடும் மனிதருக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. அந்தப் பயம் வேண்டாம்.

உலகம் பட்ட பாடு

இந்நோய்க்குப் பனாமா வாடல் என்றும் பெயர். சென்ற நூற்றாண்டில் மத்திய அமெரிக்காவில் 'குரோ மிஷல்' என்ற ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம் நட்டிருந்தார்கள். நோய் வந்ததும் காட்டை அழித்துப் புது நிலம் தேடினார்கள். அங்கும் கன்றோடு நோயும் போனது. 1960 வாக்கில் அந்த ரகத்தையே கைவிட்டு, நோயைத் தாங்கிய கேவண்டிஷ் ரகத்துக்கு மாறினார்கள். இன்று நம் கடைகளில் விற்கும் ஜி-9 அந்த இனம்தான். இப்போது அதையும் வீழ்த்தும் 'டிஆர்-4' என்ற வகை ஆசியாவில் கிளம்பி, 2019-ல் கொலம்பியா வரை போய்விட்டது. நம் நாட்டில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது காணப்பட்டுள்ளது.

நம் பக்கம் நெடுநாளாக இருப்பது பழைய வகை. ரஸ்தாலி அதற்கு எளிதில் இரையாகும். பூவனும் ஜி-9 ரகமும் அதைத் தாங்கும்.

நாங்கள் செய்த தவறு

முதலில் வாடிய மரங்களைக் கண்டு தாகம் என்று நினைத்துக் கூடுதலாகத் தண்ணீர் விட்டோம். அந்த வாய்க்கால் நோயுள்ள மரத்தடியைத் தொட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போகிறது. நோயை நாங்களே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். கிழங்கை வெட்டிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நல்ல விலை போகிறது என்பதற்காகத் தோட்டம் முழுவதும் ரஸ்தாலியையே நட்டதும் தவறுதான்.

என்ன முடிவு செய்தோம்?

கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்தி வைத்து அதன் விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். வக்ஃபுக்கு ஆதாரமாக ஆலிம்கள் காட்டும் செய்தி இது. நம் தோட்டத்தில் வாழைக்குலை விளைச்சல், மண் மூலம். இன்னும் ஒரு வருட ரஸ்தாலி வருமானத்துக்கு ஆசைப்பட்டு மண் முழுவதும் நோயைப் பரவவிட்டால், மூலத்தையே செலவழித்தவர்களாவோம். ஆகவே நிர்வாகக் குழு முடிவு செய்தவை:

1. நோய் கண்ட மரங்களைக் கிழங்கோடு தோண்டி, அங்கேயே எரித்து, ஒவ்வொரு குழியிலும் 1 முதல் 2 கிலோ சுண்ணாம்பு இடுவது.
2. அந்தப் பகுதியில் வாழையை நிறுத்துவது. கிணற்றில் தண்ணீர் போதுமான பருவத்தில் நெல் பயிரிடுவது. நீர் நிற்கும் நெல் வயலில் பூஞ்சணத்தின் பலம் குறையும்.
3. மீதிப் பகுதிக்குத் தனி வாய்க்கால் போட்டுப் பூவன் நடுவது. மண்வெட்டி, கடப்பாரையை மண் போகக் கழுவிய பிறகே அங்கே கொண்டுபோவது.

"திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் தீராதா?" என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கன்று நோயில்லாமல் வரும் என்பது சரி. ஆனால் நோயுள்ள மண்ணில் நட்டால் ரஸ்தாலிக் கன்றுக்கு அங்கேயே நோய் பிடிக்கும்.

இதனால் இவ்வருடம் தோட்ட வருமானம் குறையும். படிப்பு உதவி பெறும் பிள்ளைகள் எவரையும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டோம். பற்றாக்குறையைச் சந்தாவிலும் நன்கொடையிலும் ஈடுகட்ட உங்கள் உதவியை நாடுகிறோம்.

கன்று வாங்கிச் சென்றவர்களுக்கு

நம் தோட்டத்திலிருந்து பல குடும்பத்தார் ரஸ்தாலிக் கன்று கொண்டுபோய் வீட்டுக் கொல்லையிலும் வயலிலும் நட்டிருக்கிறீர்கள். நன்மை என்று நினைத்துத்தான் கொடுத்தோம். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை நாம் அறிவோம். அதே கவனம் இந்தக் கன்றுகளுக்கும் வேண்டும். அவற்றிலிருந்து புதுக் கன்று பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள். அடி இலை மஞ்சளானால் எங்களிடம் சொல்லுங்கள். வந்து பார்த்து, எடுக்கவேண்டியிருந்தால் நம் ஆட்களே எடுத்து, சுண்ணாம்பும் இட்டுத் தருவார்கள். உங்களுக்குச் செலவில்லை. வயலில் நட்டவர்கள் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் காட்டுங்கள். திருச்சியில் 1993 முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கும் ஆலோசனை பெறலாம்.

யாரிடம் கன்று கொடுத்தோம் என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இந்த இதழ் வழியாகக் கேட்கிறோம். இதைப் படிப்பவர்கள் பக்கத்து வீட்டாருக்கும், எந்தச் சமுதாயத்தவராயினும், சொல்லிவிடுங்கள். அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் இருப்போம். நம் மண்ணையும் அதை நம்பியிருக்கும் பிள்ளைகளின் படிப்பையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

செயலாளர்