பழைய ரிவால்வர்: விலையைக் கேட்குமுன் எண்ணைப் பாருங்கள்

புத்தலப்பட்டிலோ சித்தூரிலோ வேலை பார்க்கும் நம்மவர் ஒருவரிடம், “பெரியவர் காலத்து ரிவால்வர், மலிவாகத் தருகிறேன்” என்று யாரேனும் சொன்னால், விலை பேசுவதற்கு முன் அதன் எண்ணைப் பார்க்க வேண்டும்.

தொழிற்சாலையில் செய்த எந்த ரிவால்வரிலும் செய்தவர் பெயரும் எண்ணும் உலோகத்தில் பொறித்திருக்கும். விற்பவரின் லைசென்ஸில் உள்ள எண்ணோடு அதை ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிட வேண்டும். அராவப்பட்டிருந்தாலோ, நிக்கல் பூச்சில் மறைந்திருந்தாலோ கையால் தொடவும் வேண்டாம். 1959-ம் வருட ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவுப்படி, எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்றுதான் கோர்ட் அனுமானிக்கும். “வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது” என்பதை நிரூபிக்கும் பாரம் வாங்கியவர் தலையில்.

எண்ணின் மதிப்புக்கு ஒரு சான்று உண்டு. 1928 டிசம்பர் 17-ல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட பகத்சிங்கின் துப்பாக்கி பல்லாண்டுகள் இருந்த இடம் தெரியாமல் கிடந்தது. (அது ரிவால்வர் அல்ல, கோல்ட் பிஸ்டல்.) 2016-ல் இந்தூரில் எல்லைக் காவல் படையின் காட்சிசாலையில் அதை அடையாளம் காட்டியது பழைய வழக்கு ஆவணத்திலிருந்த எண்தான்.

அடுத்தது தோட்டாவின் அளவு. ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய சரக்கில் அதிகம் அடிபடும் பெயர் வெப்ளி. கட்டைவிரலால் தாழை அமுக்கினால் குழல் முன்பக்கம் மடிந்து, தோட்டாக்கள் எல்லாம் ஒருசேர மேலெழும். முதல் உலகப் போரில் பேர் வாங்கிய ‘மார்க் 6’ .455 போர். 1930-களில் ராணுவத்துக்கு வந்த என்ஃபீல்டு .38. அதே சாயலில் .32 வெப்ளியும் உண்டு. பார்வைக்கு மூன்றும் ஒரு குடும்பம். சட்டத்தின் கண்ணுக்கு வேறு வேறு. .380, .455 தோட்டா போகும் ரிவால்வர்களை 2016-ம் வருட ஆயுத விதிகள் தனி வகையாக ஒதுக்கியுள்ளன. கலெக்டர் தரும் சாதாரண லைசென்ஸில் அவை அடங்கா. நம் போன்றோருக்குக் கிடைப்பது .32 தான். எண்பதுகளின் நடுவில் தனியார் இறக்குமதி ஏறத்தாழ நின்றுபோனதால் நல்ல வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வரவே வராது. மலிவு என்றாலே சந்தேகப்படுங்கள். பெயரில் எழுத்துப் பிழை, கோணல் பொறிப்பு, பர்மிங்காம் சோதனைச்சாலையின் கிரீட முத்திரை இல்லாமை, இவை கள்ளப் பட்டறை வேலைக்கு அடையாளம்.

உறுப்புகளைத் தோட்டா இல்லாமல், கடைக்காரர் முன்னிலையில் சோதியுங்கள். சுத்தியலை இழுத்து நிறுத்திய நிலையில் உருளை கடகடவென்று ஆடக் கூடாது. குழல் வழியே வெள்ளைத் தாளைப் பார்த்தால் உள்ளே வளையமாக நிழல் தெரியக் கூடாது. தெரிந்தால் குழல் உப்பியிருக்கிறது. பளபளப்பில் மயங்க வேண்டாம். துருவை மறைக்கத் தேய்த்துப் பூசுவது பழைய தந்திரம்.

தனிநபரிடம் வாங்குவதானால் விற்பவர் முன்கூட்டியே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் பொறுக்க வேண்டும். வாங்குபவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு முதல் ஐந்து வருடம் வரை சிறை. ஊரில், வேலூரிலோ திருத்தணியிலோ வாங்கிய லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுமானால், எல்லை தாண்டிய பிறகு அது வெறும் காகிதம்.

தகப்பனார் இறந்து பீரோவில் ரிவால்வர் கிடைத்தாலும் சும்மா வைத்திருக்கலாகாது. தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசு என்ற முறையில் பிறகு மனுச் செய்யலாம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதால் அங்குள்ளோர் திருப்பதி கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும், புத்தலப்பட்டுக்காரர்களுக்குச் சித்தூர்தான்.