வ.உ.சி. ஓட்டிய பாதையில் ஐந்தே மாதம் ஓடிய கப்பல்!

பழைய இரும்பாகிப் போன கொழும்புக் கனவு

சங்கரன்கோவில்:
தூத்துக்குடியில் சாயங்காலம் ஏறினால், விடிந்ததும் கொழும்பு! அப்படி ஒரு கப்பல் 2011–ல் வந்தது. ஐந்தே மாதம்தான் ஓடியது. மறு வருஷம் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டது.

கப்பலின் பெயர் 'ஸ்கோஷியா பிரின்ஸ்'.

கப்பலுக்கும் கடல் இல்லாத சங்கரன்கோவிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள், கடை வைக்கப் போனார்கள். 1964–ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. லட்சக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பினார்கள். அண்ணன் இக்கரை, தங்கச்சி அக்கரை என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு.

ராமேசுவரம்–தலைமன்னார் கப்பலும் 1984–ல் நின்றது. உறவு முகம் பார்க்க விமானம்தான் என்று ஆனது. கூலிக்காரன் விமானத்துக்கு எங்கே போவான்?

மந்திரி கொடியசைத்தார்

2009–ல் இலங்கைப் போர் முடிந்தது. 2011 ஜூன் 13–ந் தேதி, மத்திய கப்பல் மந்திரியாக இருந்த ஜி.கே.வாசன் கொடியசைக்க, ஸ்கோஷியா பிரின்ஸ் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியது. 1,044 பேர் ஏறக்கூடிய கப்பல். வாரம் இரண்டு நடை.

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டதும் அதே 2011–ல்தான்!

கப்பலும் சாமானியக் கப்பல் இல்லை. 1972–ல் யூகோஸ்லாவியாவில் கட்டியது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே 20 வருஷத்துக்கு மேல் ஓடியது. 2005–ல் கத்ரினா புயல் அமெரிக்காவை அடித்துப் போட்டபோது ஜனங்களுக்குத் தங்க இடம் கொடுத்தது. 2011–ல் லிபியாவில் சண்டை மூண்டதும், பெங்காசியில் தவித்த இந்தியர்களை ஏற்றிக்கொண்டு வந்ததும் இதுதான்.

புயலையும் சண்டையையும் பார்த்த கப்பலைக் காலி இருக்கை கவிழ்த்துவிட்டது. எதிர்பார்த்த அளவு ஆள் ஏறவில்லை. நஷ்டம் ஏறியது. நவம்பரில் போக்குவரத்து நின்றது. அம்புட்டுதான்!

அன்றும் இதே கதை

நூறு வருஷத்துக்கு முன்பும் இதே பாதையில் ஒரு கனவு மிதந்தது. 1906 அக்டோபரில் ஒட்டப்பிடாரம் வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்கு. 1907–ல் 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

வெள்ளைக்காரக் கம்பெனி சும்மா இருக்குமா? கட்டணத்தை வெட்டியது. காசே வேண்டாம், குடையும் இனாம் என்று ஆள் பிடித்ததாகச் சொல்வார்கள். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டு என்று தீர்ப்பு. அப்பீலில் தண்டனை குறைந்தது. அவர் ஜெயிலில் இருக்கும்போதே, 1911–ல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

அன்று அரசாங்கமே எதிரி. 2011–ல் எதிரி யாரும் இல்லை. அரசாங்கமே கொடியசைத்தது. ஆனால் கூட்டம் சேரும்வரை நஷ்டத்தைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை.

துண்டு துண்டாக...

2012–ல் ஸ்கோஷியா பிரின்சின் கடைசிப் பயணம் வங்காளதேசத்தில் சிட்டகாங் கடற்கரைக்கு. அங்கே கப்பலைக் கடல் பெருகும் நேரம் பார்த்துச் சேற்றுக் கரையில் ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் காஸ் வைத்து அறுப்பார்கள். ஏழைத் தொழிலாளிகள் தகடு தகடாகத் தோளில் சுமப்பார்கள். ஸ்கோஷியா பிரின்சும் அங்கேதான் உடைபட்டது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடியும் தொடங்கினார்கள். அது போவது யாழ்ப்பாணக் கரைக்கு.

கொழும்பில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்க, அந்தக் கப்பல் உதவாது.