சைலன்சருக்கு எந்த பெயின்ட்? டப்பாவில் டிகிரியைப் பாருங்க!

சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி தருமபுரி வரும் பைக்கில் கொதிப்பது, இன்ஜினையும் சைலன்சரையும் இணைக்கும் பெண்ட் பைப். மழையும் சூடும் மாறி மாறிப் பட்டு, துருப்பிடித்து ஓட்டை விழுவதும் இங்கேதான்.

வீட்டு கேட்டுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட் இதற்கு உதவாது, கருகி உரிந்துவிடும். சிலிகான் கலந்த ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட்தான் சரி. டப்பாவில் '200 டிகிரி' என்றிருந்தால் போதாது. 600 டிகிரி செல்சியஸ் தாங்குவதை வாங்குங்கள். செராமிக் கோட்டிங் இன்னும் உழைக்கும், செலவும் அதிகம். துத்தநாகப் பூச்சு வேண்டாம். துத்தநாகம் சுமார் 420 டிகிரியிலேயே உருகிவிடும்.

உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, தின்னரால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெல்லிசாக 2 கோட் அடிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும், திறந்தவெளியில் இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு ஆறவிடுங்கள். பிறகு கொஞ்சம் கூடுதல் நேரம் ஓட்டி, மீண்டும் ஆறவிடுங்கள். அந்தச் சூட்டில்தான் பெயின்ட் இறுகும். இதை விட்டால் விலை உயர்ந்த பெயின்ட்டும் உரியும். பவர் டில்லருக்கும் இதே கணக்குதான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பெயின்ட் காப்பது பைப்பை, காலை அல்ல. சைலன்சர் கார்டைக் கழற்றாதீர்கள். குழந்தையின் காலில் சுட்டுவிட்டால், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவாமல் டாக்டரிடம் போங்கள்.