கல்லின் பால்: வை. கணபதி ஸ்தபதியின் சிற்பமரபில் மனிதப் பண்பேற்றம்

முன்னுரை

தமிழ் இலக்கணம் கல்லை அஃறிணை ஒன்றன்பாலில் வைக்கிறது. சிற்பக்கூடமோ அதே கல்லை ஆண்கல், பெண்கல், அலிக்கல் என மூவகையாகப் பகுக்கிறது. இப்பகுப்பு சமய நம்பிக்கை மட்டுமா, ஆக்கமுறையின் ஒரு கூறா என்பதை மாமல்லபுரம் அரசு சிற்பக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவரும் ‘சிற்பச் செந்நூல்’ ஆசிரியருமான வை. கணபதி ஸ்தபதியை (1927–2011) முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

ஓசையும் பாலும்

கல்லின் பாலை அறியும் கருவி செவியே. தட்டும்போது மணிபோல் கணீரென ஒலிப்பது ஆண்கல். தாளம்போல் மெல்லென ஒலிப்பது பெண்கல். ஓசை எழாதது அலிக்கல். முன்னிரண்டும் முறையே ஆண், பெண் தெய்வத் திருமேனிகளுக்கு உரியன. மூன்றாவதில் திருமேனி வடிப்பதில்லை. இதற்குப் பொருள்சார்ந்த காரணமும் உண்டு. உள்விரிசல் உடைய கல் அதிர்வைத் தாங்கிச் செலுத்தாது. ஆதலின் ஓசை மழுங்கும்.

ஞாயிறு, திங்கள், கடல், மரம் முதலியவற்றைப் பேசுவனவாகவும் செவிமடுப்பனவாகவும் அமைக்கத் தொல்காப்பியச் செய்யுளியல் இடந்தருகிறது. அங்கே கடல் உண்மையில் விடையிறுத்ததா என எவரும் சோதிப்பதில்லை. சிற்பக்கூடத்திலோ கல்லின் விடையைத் தவறாகக் கேட்டால், பல நாள் உழைப்புக்குப் பின் உளிபட்ட இடத்தில் சிலை பிளக்கக்கூடும். செய்யுளின் பண்பேற்றம் பொய்ப்பதில்லை. தொழிலின் பண்பேற்றம் பொய்க்கக்கூடியது. அதனாலேயே அது அறிவாகிறது.

நூல் உடலாதல்

கன்னியாகுமரியில் 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையில் ஸ்தபதி ஒரு நூலுக்கே உடல் தந்தார். மொத்த உயரமான 133 அடி, குறளின் 133 அதிகாரங்கள். 38 அடிப் பீடம் அறத்துப்பால்; அதன்மேல் நிற்கும் 95 அடி உருவம் பொருட்பாலின் 70, இன்பத்துப்பாலின் 25 அதிகாரங்கள். இங்குப் பண்பேற்றம் அளவாகிறது. அறம் தாங்க, பொருளும் இன்பமும் நிற்கின்றன. கருங்கல்லாலான இவ்வுருவை மக்களும் ‘வள்ளுவர் நிற்கிறார்’ என்றே உயர்திணையில் சுட்டுகின்றனர்.

முடிவுரை

தேர்வில் செவியாகவும் வடிவமைப்பில் அளவாகவும் மனிதப் பண்பேற்றம் சிற்ப ஆக்கத்தில் தொழிற்படுகிறது. ஆயினும் ‘மணியோசை’ என்னும் ஏட்டுச்சொல் அவ்வோசையைக் கற்பிக்காது. பட்டறைகளில் கல்லைத் தட்டி வகைபிரிக்கும் முறையைத் தொழிற்சொற்களோடும் ஒலிப்பதிவோடும் தொகுப்பது தமிழாய்வின் உடனடிக் கடமை.