ஒரு மேசை, இரு கணினிகள்

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று விண்டோஸ் இயங்குதளத்தைக் கொண்டது; மற்றது லினக்ஸைக் கொண்டது. அச்சுப்பொறி விண்டோஸ் கணினியோடு இணைந்திருந்தது. வினாத்தாளை லினக்ஸில் எழுதிப் பென் டிரைவில் ஏற்றி மற்றதற்குக் கொண்டுசென்றோம். பிறகு ஐந்தாம் வினாவில் நான் செய்த திருத்தம் முதற்கணினியிலேயே தங்கிவிட்டது; அச்சேறியதோ திருத்தாத படி. மாணவர்கள் பிழையான வினாவுக்கு விடை தேடித் தவித்தனர். தவறு என்னுடையதே.

ஒரே மேசையில் இருந்தும் அவ்விரண்டும் ஏன் பேசிக்கொள்ளவில்லை? அன்பர்களே, ஒரு கணினியிலுள்ள கோப்பை மற்றொன்று திறக்க வேண்டுமாயின், “நான் இன்னார்; இக்கோப்பைத் திற; நான் எழுதி முடிக்கும்வரை பிறர் திருத்தாதபடி பூட்டிவை” என்று முறைப்படி கேட்க வேண்டும். இவ்வாறு கேட்டு விடைபெறும் ஒழுங்கே நெறிமுறை எனப்படும். விண்டோஸ் கையாளும் நெறிமுறை எஸ்.எம்.பி. என்பது; 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தோன்றியது. லினக்ஸின் மூதாதையான யூனிக்ஸ் உலகிலோ வேறு நெறிமுறை வழங்கிற்று.

1991ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பரா நகரில், தேசியப் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தம் சிறு கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் வட்டைப் பயன்படுத்த விரும்பினார். அதற்குரிய இலக்கணநூல் அவர் கையில் இல்லை. ஆகவே கம்பிவழியே செல்லும் தகவல் பொட்டலங்களைக் கவனித்து, எக்கேள்விக்கு எவ்விடை வருகிறது என்று ஆராய்ந்தார். பிரெஞ்சு அறியாதவன் சிற்றுண்டிச்சாலையில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பணியாள் கொணர்வதையும் பார்த்தே மொழி கற்பது போன்றது இம்முறை என்று அவரே பின்னர் விளக்கியுள்ளார். குழந்தை தாய்மொழி கற்பதும் இவ்வாறன்றோ! இவ்வாறு பிறந்த மென்பொருளின் பழைய பெயர் வேறொரு நிறுவனத்துக்கு உரியதெனத் தெரிந்ததால், எஸ், எம், பி எழுத்துகள் வரிசையாக வரும் சொற்களை அகராதியில் தேடி, ‘சாம்பா’ என்று மாற்றினார். அது பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர்.

லினக்ஸ் கணினியில் சாம்பா இயங்கினால், விண்டோஸின் கண்ணுக்கு அதுவும் ஒரு விண்டோஸாகவே தோன்றும். இதில் தொல்லைகள் இல்லாமலில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒன்றும் சிறிய எழுத்தில் ஒன்றுமாக ஒரே பெயரை எழுதினால் லினக்ஸ் இரு கோப்புகள் என்னும். விண்டோஸ் ஒன்றே என்னும். இடையிலிருந்து இணக்குவது சாம்பாவின் வேலை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் நம் தமிழில் இல்லாதது இவ்விடத்தில் ஒரு நன்மை. அச்சிடுதற்கும் வழி இதுவே: லினக்ஸிலுள்ள கப்ஸ் என்னும் அச்சு நிரல் பக்கத்தை அச்சுப்பொறிக்கு ஏற்றவாறு மாற்றி, சாம்பாவின் துணையால் விண்டோஸிடம் ஒப்படைக்கும்.

செவியால் கற்றவர்களுக்கு இலக்கணநூல் பல ஆண்டுகள் கிட்டவில்லை. போட்டியாளர்களுக்கு அவ்விவரங்களைத் தருமாறு 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாப்டுக்கு ஆணையிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், 10,000 யூரோ செலுத்தி ஆவணங்களைப் பெறும் உடன்படிக்கை ஏற்பட்டது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பை விண்டோஸ் கையாண்ட விதத்திலிருந்த ஓட்டையின் வழியே 2017இல் வன்னாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளில் புகுந்தது. ஆதலின் அப்பழம்பதிப்பை முடக்கிவைத்தல் நலம்.

அடுத்த தேர்வுக்கு முன் எங்கள் இளம் ஆசிரியர் ஒருவர் சாம்பாவை நிறுவினார். பொதுக் கோப்புறைக்கு ‘வினாத்தாள்’ என்று தமிழிலேயே பெயரிட்டோம். இரு கணினிகளும் அதைத் தடையின்றிப் படித்தன. அதில் வினாத்தாளின் படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.