கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கியவர்கள்

கிணற்றில் இறங்குவதற்கு முன் அந்த மனிதரின் கண்களைத் துணியால் கட்டிவிடுவார்கள். வெயிலில் நின்ற கண்ணுக்கு ஆழத்து இருட்டு பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை அடியில் போய் வீணாக்க முடியாது, ஏனென்றால் அங்கே மூச்சு விடக் காற்று இல்லை. எண்ணெயிலிருந்து கிளம்பும் வாயுதான் நிறைந்து நிற்கும். இடுப்பில் வடத்தைக் கட்டி இறக்குவார்கள். அடியைத் தொட்டதும் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, இரும்புப் பூண் போட்ட கழியால் மளமளவென்று குத்தி மண்ணைப் பெயர்க்க வேண்டும். மேலே ஒருவர் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் கிணற்றுக்குள் திருப்பிவிடுவார். அதுதான் வெளிச்சம். ஓரிரு நிமிடத்தில் மூச்சு முட்டத் தொடங்கும். சைகை வந்ததும் வடத்தைப் பிடித்தவர்கள் சரிவில் இறங்கி ஓடி ஆளை மேலே இழுப்பார்கள். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்தவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்பார்.

பர்மாவில், ஐராவதி ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள யேனாஞ்சாங் என்ற ஊரில் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் எடுத்தார்கள். உலகின் பெட்ரோலியத் தொழில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1859-இல் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் பிறந்தது என்றுதான் பள்ளிப் பாடம் சொல்கிறது. அந்தக் கிணற்றின் ஆழம் 70 அடிகூட இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஹிரம் காக்ஸ் யேனாஞ்சாங் வழியாகப் போனது 1797-இல். அரசுக் கணக்கில் மட்டும் அங்கே 520 கிணறுகள் இருந்ததாக அவர் எழுதிவைத்தார். அவருக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு அதே ஆற்றில் பயணம் செய்த மைக்கேல் சைம்ஸும் எண்ணெய் ஏற்றக் காத்து நின்ற படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். டிரேக் பிறப்பதற்கு முன்பே ஒரு நாடு முழுவதும் இந்த எண்ணெயில் விளக்கேற்றிக்கொண்டிருந்தது.

விளக்குக்கு மட்டுமல்ல. வீட்டுத் தூண்களைக் கறையான் அரிக்காமல் இருக்க அதைப் பூசினார்கள். படகுப் பலகைகளுக்குப் பூசினார்கள். மடாலயங்களில் இருந்த ஓலைச் சுவடிகளைப் பூச்சி தின்னாமல் காப்பாற்றியதும் அதே எண்ணெய்தான். பர்மாவின் பழைய நூல்களில் எத்தனையோ இன்று கைக்குக் கிடைப்பதில், மூச்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்கிய பெயர் தெரியாத மனிதர்களுக்கும் பங்கு உண்டு.

கிணறுகளின் உரிமை 24 குடும்பங்களிடம் இருந்தது. துவின்சாக்கள் என்று அவர்களுக்குப் பெயர். குடும்பத் தலைமைப் பட்டம் துவின்சாயோ. அந்த 24 தலைமைகளில் 6 பெண்களுடையது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இது வியப்பாக இருந்தது. யேனாஞ்சாங்கில் அது வழக்கம். எங்கே தோண்டலாம், யாருக்கு எவ்வளவு பங்கு, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதற்கெல்லாம் அவர்களுக்குள்ளேயே முறை இருந்தது. நிலத்தைப் பார்த்தே எண்ணெய் இருக்கும் இடத்தைக் கணிக்கும் அறிவு குடும்பச் சொத்தாகக் கைமாறியது. 1890-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை சார்பில் அங்கே ஆராய்ந்த ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் நோட்லிங், கிணற்றின் சதுர வாய், உள்ளே அடுக்கிய மரச்சட்டங்கள், கெட்டிப் பாறையை உடைக்க மேலிருந்து போடும் இரும்புக் குண்டு எனத் தொழிலின் ஒவ்வொரு அங்கத்தையும் விரிவாகப் பதிவு செய்தார். இரும்புக் குழாய் இல்லாமல், இயந்திரம் இல்லாமல், 250 அடி, 300 அடி என்று இறங்கியவர்கள் இவர்கள். நம் ஊரில் கிணறு வெட்டியவர்களைக் கேட்டால் அந்த ஆழம் என்னவென்று தெரியும். அதிலும் இங்கே கிணற்றடியில் காத்திருந்தது தண்ணீர் அல்ல, விஷவாயு. பிற்காலத்தில் கடலில் மூழ்குவோர் அணியும் தலைக்கவசத்தையும் காற்றுக் குழாயையும் வாங்கி மாட்டிக்கொண்டு அதைவிட ஆழமாகவும் போனார்கள். பழைய முறையைப் பிடித்துக்கொண்டு தேங்கிப்போனவர்கள் என்று அவர்களைப் பற்றிச் சொல்வது தவறு.

1850-களில் மிண்டான் மன்னர் எண்ணெய் வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார். அதே காலத்தில் லண்டனின் பிரைஸ் மெழுகுவத்திக் கம்பெனி 'ரங்கூன் எண்ணெய்' என்ற பெயரில் அதைக் கப்பலில் வரவழைத்தது. 1885-இல் மேல் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பர்மா ஆயில் கம்பெனி ஸ்காட்லாந்தில் பதிவானது. அதன் நிறுவனர் டேவிட் சைம் கார்கில். இலங்கைத் தமிழருக்கு அந்தக் குடும்பப் பெயர் புதிதல்ல. கொழும்பு கோட்டையில் சிவப்புக் கட்டடமாக நிற்கும் கார்கில்ஸ் அவர் வணிகம் செய்து வளர்ந்த நிறுவனம்தான். இலங்கை வியாபாரத்தில் கால் ஊன்றிய ஸ்காட்லாந்துக்காரர் பர்மா எண்ணெய்க்கு வந்தார்.

கம்பெனியோடு அமெரிக்கத் துளைப்பாளர்களும் நீராவி இயந்திரங்களும் வந்தன. துவின்சாக்களுக்கென்று இரண்டு நிலப்பகுதிகளை அரசு ஒதுக்கியது. ஆனால் இயந்திரக் குழாய் கையால் தோண்டிய கிணற்றைவிடப் பல மடங்கு ஆழம் போகும். பக்கத்து நிலத்தில் இயந்திரம் உறிஞ்சினால் கைக்கிணறு வற்றும். துவின்சாக் குடும்பங்கள் தங்கள் கிணற்று மனைகளை ஒவ்வொன்றாகக் கம்பெனிகளுக்கு விற்றன, குத்தகைக்கு விட்டன. சில குடும்பங்களுக்கு நல்ல பணம் கிடைத்தது உண்மை. வடம் பிடித்தவர்களுக்கும் உள்ளே இறங்கியவர்களுக்கும் என்ன கிடைத்தது என்ற கேள்விக்குக் கம்பெனி வரலாறுகளில் பதில் இல்லை. அவர்களில் பலர் அதே மண்ணில் கம்பெனியின் தினக்கூலி ஆனார்கள்.

1908-ஐ ஒட்டி யேனாஞ்சாங்கிலிருந்து ரங்கூன் பக்கம் வரை சுமார் 275 மைலுக்குக் குழாய் போடப்பட்டது. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியம் சுத்திகரிப்பு ஆலை வளர்ந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து போனவர்கள். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய தெலுங்கர்கள் அதிகம், தமிழர்களும் அவர்களோடு இருந்தார்கள். பாய்லர், பீப்பாய், தகர டின், ஏற்றுமதித் துறை என்று ஆலையின் கடினமான வேலைகள் அவர்கள் தோளில் இருந்தன. 1909-இல் ரங்கூனில் தொடங்கிய இந்தோ பர்மா பெட்ரோலியம் கம்பெனி பிற்காலத்தில் இந்திய அரசிடம் வந்தது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் ஐ.பி.பி. என்ற பெயர்ப்பலகையோடு பல ஆண்டுகள் நின்ற பெட்ரோல் பங்க்குகளின் வேர் அங்கேதான்.

யேனாஞ்சாங்கின் லாபம் வேறு நாடுகளையும் மாற்றியது. பாரசீகத்தில் எண்ணெய் தேடிப் பணம் கரைந்து நின்ற வில்லியம் டார்சிக்கு 1905-இல் கைகொடுத்தது பர்மா ஆயில். 1908 மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. மறு ஆண்டு பிறந்த ஆங்கிலோ பெர்ஷியன் கம்பெனிதான் இன்றைய பி.பி. மத்திய கிழக்கின் முதல் பெரிய எண்ணெய்க் கிணற்றுக்குப் போன பணத்தில் பர்மியத் தொழிலாளியின் வியர்வையும் தெலுங்கு, தமிழ்க் கூலிகளின் உழைப்பும் கலந்திருக்கிறது.

சென்னைக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் நகரத்தின் மீது குண்டு வீசியபோது, துறைமுகத்தில் கொழுந்துவிட்டு எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்த இடத்தில் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். எம்டன் பற்றிய கதைகளைத் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எரிந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது, அதை யார் மண்ணுக்கடியிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. நம் பாட்டிமார் லாந்தரில் ஊற்றிய சீமெண்ணெயில் கணிசமான பங்கு அந்தக் கிணறுகளிலிருந்து வந்தது.

1930-களில் பர்மா ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் கச்சா எண்ணெய் எடுத்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் தொழிலாளி தன் பெயரை வரலாற்றில் தானே எழுதினான். யேனாஞ்சாங்குக்கு வடக்கே உள்ள சவுக் எண்ணெய் வயலில், விடுமுறை, ஊதியம் ஆகிய கோரிக்கைகளோடு 1938 தொடக்கத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. தலைமை தாங்கிய தக்கின் போ ஹ்லா ஜி வெளியிலிருந்து வந்த அரசியல்வாதி அல்ல, எண்ணெய் வயலில் வேலை பார்த்தவர். மாதங்கள் ஓடின. கம்பெனி அசையவில்லை. நவம்பர் 30 அன்று தொழிலாளர்கள் ரங்கூனை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

ஏறத்தாழ 400 மைல். வழியில் மாக்வேயில் அவர்களைத் தடுத்தார்கள். ஆதரவாக வந்த மாணவர் தலைவர்கள் பா ஹெயினும் பா ஸ்வேயும் கைதானார்கள். அதைக் கண்டித்து டிசம்பர் 20 அன்று ரங்கூன் தலைமைச் செயலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டபோது போலீஸ் தடியடியில் ஆங் ஜோ என்ற கல்லூரி மாணவர் படுகாயமடைந்து உயிரிழந்தார். எண்ணெய்த் தொழிலாளிக்காகக் கல்லூரி மாணவன் உயிரைக் கொடுத்தான் என்ற செய்தி நாட்டை உலுக்கியது. நடந்து வந்தவர்கள் 1939 ஜனவரி 8 அன்று ரங்கூனை அடைந்து ஷ்வேடகோன் பகோடா அருகே முகாமிட்டார்கள். அடுத்த மாதம் மண்டலேயில் ஊர்வலத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் இறந்தார்கள். பிரதமர் பா மாவின் அரசு கவிழ்ந்தது. பர்மிய ஆண்டுக் கணக்கில் அது 1300. அந்த நாட்டார் இன்றும் அதை 1300-ஆம் ஆண்டுப் புரட்சி என்கிறார்கள். பர்மிய விடுதலைப் போரின் பெரிய திருப்பங்களில் ஒன்று எண்ணெய் வயலில் விடுமுறை கேட்டவர்களின் காலடியில் தொடங்கியது. ஆங் ஜோவின் பெயரில் ரங்கூனில் ஒரு சாலை இருக்கிறது.

அதே 1938-இன் நடுப்பகுதியில் ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்து உயிர்கள் போனதையும் மறைப்பதற்கில்லை. ஒரே முதலாளியிடம் கூலி வாங்கியவர்களை அந்தக் கலவரம் இன வாரியாகப் பிரித்துப் போட்டது. இரு தரப்பு உழைப்பையும் சேர்த்துச் சொல்லாத எந்த வரலாறும் அரைகுறைதான்.

பிறகு போர் வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனை நெருங்கியதும் சிரியம் ஆலையை ஆங்கிலேயர்களே தகர்த்தார்கள். ஏப்ரல் நடுவில் யேனாஞ்சாங்கின் முறை. எதிரி கையில் எதுவும் சிக்கக் கூடாது என்று கிணறுகளை அடைத்து, இயந்திரங்களை உடைத்து, தொட்டிகளுக்குத் தீ வைத்தார்கள். லட்சக்கணக்கான காலன் எண்ணெய் எரிந்தது. அரை நூற்றாண்டு உழைப்பு சில நாட்களில் புகையானது. அந்த வெயிலில், எரியும் வயல்களுக்கு நடுவே, ஆங்கிலேய, இந்திய, சீனப் படைகள் ஜப்பானியரோடு மோதின. ஆலைத் தொழிலாளர்கள் உட்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் மலைகளையும் காடுகளையும் கடந்து அசாமுக்கும் வங்கத்துக்கும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்துப்போனார்கள்.

தகர்த்த சொத்துக்கு நஷ்டஈடு கேட்டு பர்மா ஆயில் பிரிட்டிஷ் அரசு மீது வழக்குப் போட்டது. 1964-இல் பிரபுக்கள் சபை கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டே, முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டு நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கை விரிவாக நடத்துகிறார்கள். வேலையும் குடியிருப்பும் போய், வழியில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த தொழிலாளியின் இழப்பு அந்த வழக்கின் பக்கத்தில்கூட வரவில்லை.

பர்மாவில் கம்பெனியின் சொத்துகள் 1963-இல் அரசுடைமை ஆயின. இந்தியாவில் அந்தக் கம்பெனிக்குப் பங்கிருந்த பர்மா ஷெல் 1976-இல் அரசிடம் வந்து பாரத் பெட்ரோலியம் ஆனது. மாக்வே வட்டாரத்தில் இன்னும் மூங்கில் முக்காலி நட்டு, சிறிய இயந்திரம் வைத்துச் சொந்தமாக எண்ணெய் எடுக்கும் ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன. துவின்சாக்களின் தொழில் முழுக்க மறைந்துவிடவில்லை.

கார்கிலுக்கும் டார்சிக்கும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. கம்பெனிக்குத் தடித்தடியான வரலாற்று நூல்கள் உண்டு. கிணற்றில் இறங்கியவருக்கும் பாய்லர் முன் நின்றவருக்கும் எழுதிவைக்கப்பட்ட பெயர்கூட இல்லை. இது சரிசெய்ய முடியாத குறை அல்ல. 1942-இல் நடந்து வந்தவர்கள், 1964-க்குப் பிறகு கப்பலில் அனுப்பப்பட்டவர்கள் என்று பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கின்றன. சிரியத்திலோ எண்ணெய் வயல்களிலோ வேலை பார்த்த தாத்தாவைப் பற்றி, அப்பாவைப் பற்றி அந்த வீடுகளில் பேச்சு இருக்கும். பழைய வேலைச் சான்றிதழ், ஒரு புகைப்படம், கப்பல் சீட்டு எங்காவது டிரங்குப் பெட்டியில் கிடக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு போனார், எந்தப் பிரிவில் வேலை, என்ன கூலி, பக்கத்து வீட்டுப் பர்மியர் யார், எந்த வழியில் திரும்பினார் என்று செல்போனிலாவது பதிவு செய்யுங்கள். ஊரில் உள்ள கல்லூரி வரலாற்றுத் துறைக்கு ஒரு பிரதி கொடுங்கள். 1942-இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டது.